தலைகுனிந்து நிற்கும் முட்செடி: ரெய்னியர் மலையில் நீங்கள் பார்த்தது களைதானா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையில் ஆகஸ்ட் மாதம் நடந்துபோகும்போது, இடுப்புக்கு மேல் வளர்ந்த முட்செடி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, தலை கவிழ்ந்திருந்தது, பூவைச் சுற்றி நூலாம்படை மாதிரி ஏதோ படிந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அம்மா, "இது பிரமதண்டு, விஷம், தொடாதே" என்றார். கூட வந்த நண்பர், "இதற்குப் பெயரே எடிபிள் திஸில், அதாவது தின்னக்கூடியது" என்றார். இன்னொருவர், "திஸில் எல்லாமே களை, கண்டால் பிடுங்கிப் போடணும்" என்றார். மூவரில் யார் சொன்னது சரி?

உங்கள் நண்பர் செடியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அம்மா பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாமவர் சொன்னதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் அந்த எண்ணத்தால் இந்தச் செடிகள் உண்மையிலேயே அழிகின்றன.

அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். திஸிலுக்கு நம்மிடம் பேச்சுவழக்கில் தனிப்பெயர் கிடையாது. ஊரில் தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் இலையெல்லாம் முள்ளாக நிற்கும் செடி என்றால் நமக்கு பிரமதண்டுதான் நினைவுக்கு வரும். குடியோட்டிப் பூண்டு, குருக்கு என்றும் சொல்வார்கள். தமிழ் விவிலியத்தின் ஆதியாகமத்தில் "முள்ளும் குருக்கும்" என்று வருகிறதே, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் திஸில் என்றுதான் இருக்கிறது. ஆனால் பிரமதண்டு திஸில் அல்ல. அது கசகசாச் செடியின் குடும்பம், மெக்சிகோ பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. பூ மஞ்சள், காகிதம் போன்ற மெல்லிய இதழ்கள். இலை நரம்புகள் வெளுத்திருக்கும். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வரும். அதன் விதை கடுகு போலவே இருப்பதால் கடுகெண்ணெயில் கலப்படமாகும். 1998-இல் டெல்லியில் அப்படிக் கலந்த எண்ணெயைச் சாப்பிட்டவர்கள் உடல் வீங்கி, பலர் இறந்தும் போனார்கள். அந்தச் செடியைப் பார்த்து வளர்ந்தவர் முள்ளிலையைக் கண்டதும் "தொடாதே" என்று சொல்வது அனுபவம்.

திஸில் சூரியகாந்திக் குடும்பம். நம் ஊர்க் குசும்பாவுக்கு நெருங்கிய சொந்தம். குசும்பா வயலில் நின்றவர்களுக்கு இந்த முள்ளும் செதிலும் புதிதாக இருக்காது. நாம் ஒரு பூ என்று நினைப்பது பூ அல்ல, நூற்றுக்கணக்கான நுண்பூக்களை ஒரு கிண்ணத்தில் குத்தி வைத்த கொத்து. கிண்ணத்தின் வெளிப்பக்கம் செதில் செதிலாக அடுக்கியிருக்கும், பெரும்பாலான திஸில்களில் ஒவ்வொரு செதிலின் நுனியிலும் முள். ஒடித்தால் மஞ்சள் பால் வராது. இந்த ஒரு வேறுபாட்டை அம்மாவிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

இனி அடையாளம். திஸில்களில் பலவற்றை உள்ளடக்கிய சிர்சியம் பேரினத்தில் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 60 இனங்கள் உண்டு. அவற்றில் மூன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த மண்ணிலேயே தோன்றியவை. ஆனால் மக்கள் கண்ணில் தினமும் படுவது வெளியிலிருந்து வந்தவைதான், அவைதான் சாலையோரத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் "திஸில் என்றால் களை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் பார்த்தது சிர்சியம் எடூலே. தாமஸ் நட்டால் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர், எடூலே என்றால் லத்தீனில் உண்ணத்தக்கது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஓரிகான் வரை, மலைப் புல்வெளிகளிலும் ஈரமான சரிவுகளிலும் வளரும். தண்டு சதைப்பற்றாக இருக்கும், ஆள் உயரத்துக்கும் மேலே போகும். நீங்கள் எழுதியதில் இரண்டு குறிப்புகள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. ஒன்று, பூக்கொத்து தலைகுனிந்து நின்றது. மற்றொன்று, செதில்களைப் போர்த்தியிருந்த நூலாம்படை. இதன் செதில்கள் ஒல்லியாக, நீண்டு கூராகப் போகும், அவற்றுக்கிடையே சிலந்தி வலை பின்னியது போல வெள்ளை இழைகள் அடர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டின் மேல் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றே தோன்றும். அருகில் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: நுண்பூக்களுக்கு வெளியே சூல்தண்டுகள் குண்டூசி போல நீட்டிக்கொண்டிருக்கும். இதே பகுதியின் தாழ்நிலங்களில் சிர்சியம் பிரெவிஸ்டைலம் என்ற உறவுக்கார இனம் ஒன்று இருக்கிறது, அதுவும் மண்ணின் செடிதான். அதில் சூல்தண்டு வெளியே தலைகாட்டுவதே அரிது, கொத்தும் நிமிர்ந்து நிற்கும்.

வந்தேறிகளில் உங்களைக் குழப்பக்கூடியது புல் திஸில் (bull, காளை என்ற பொருளில்; நம் புல் அல்ல), சிர்சியம் வல்காரே. ஐரோப்பாவிலிருந்து வந்தது. இதைப் பிரிக்க நான் விரலைத்தான் நம்புவேன். இலையின் மேற்பரப்பை மெல்லத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் போல முரடாக, குட்டி குட்டி முட்களோடு இருக்கும். மண்ணின் திஸில்கள் பெரும்பாலானவற்றில் ஓரத்தில்தான் முள், மேற்பரப்பு வழுவழுப்பாகவோ மென்மையான இழையோடோ இருக்கும். இன்னொன்று தண்டு: புல் திஸிலின் இலையடி தண்டோடு ஒட்டிக் கீழே இறங்கி, தண்டின் நெடுக முள்வேலி கட்டியது போல நிற்கும். கனடா திஸில் என்று பெயர் பெற்ற மற்றொன்றும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், கனடாவுக்குச் சொந்தமில்லை. அதன் கொத்து சிறியது, ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், செதிலில் குத்தும் முள் ஏறக்குறைய இருக்காது. வேர் நிலத்துக்கடியில் கிடையாக ஓடி ஓடிப் புதுச்செடி எழுப்பும், அதனால் எப்போதும் கூட்டமாகத்தான் நிற்கும். தனித்தனியாக, ஒரு ஆணிவேரோடு நிற்கும் செடியைப் பார்த்தால் அது கனடா திஸில் அல்ல என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

வேறு பேரினத்தைச் சேர்ந்த மஸ்க் திஸில் என்ற வந்தேறியும் தலை கவிழும். அதனால் தலை குனிந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதன் செதில்கள் அகன்று, முரட்டுத்தனமாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும், நூலாம்படைப் போர்வை இருக்காது. விதை முற்றியபின் பஞ்சைப் பிரித்துப் பார்த்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். சிர்சியத்தின் பஞ்சிழை ஒவ்வொன்றும் இறகு போலக் கிளைத்திருக்கும், மஸ்க் திஸிலில் வெறும் ரோமம். கைலென்ஸ் இருந்தால் நன்றாகத் தெரியும்.

இனி "தின்னலாமா" என்பதற்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பெயரிலேயே உண்ணத்தக்கது என்று இருப்பது ஆளை ஏமாற்றக்கூடியது. இரண்டு பழைய நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது 1806 ஜனவரி. அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் தங்கள் ஆட்களோடு கொலம்பியா நதி கடலில் சேரும் இடத்தருகே, கிளாட்சாப் கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மழை, ஈரம், அலுத்துப்போன மான் இறைச்சி. அங்கே வாழ்ந்த பழங்குடியினரான கிளாட்சாப் மக்கள் தின்னும் கிழங்கு வகைகளைப் பற்றி லூயிஸ் தன் குறிப்பேட்டில் விவரமாக எழுதினார். அதில் ஒன்று திஸில் வேர். அந்த மக்கள் அதைச் சொல்லும் பெயரை "ஷன்னேடாக்வே" என்பது போலக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். ஒன்பது முதல் பதினைந்து அங்குல நீளம், ஆண் கட்டைவிரல் பருமன், தோல் பழுப்பு, உள்ளே வெள்ளை, கேரட் போல நறுக்கென்று இருக்கும் என்கிறார். பச்சையாகவும் தின்பார்கள், ஆனால் அந்தச் சுவை மட்டம். குழியில் வேகவைத்தால் கறுத்துப்போய், அங்கே தான் கண்ட எந்தப் பழத்தையும் கிழங்கையும்விட இனிக்கிறது, அந்த இனிப்பு அப்படியே சர்க்கரையின் இனிப்பு என்று வியக்கிறார். அந்தச் செடி சிர்சியம் எடூலே என்றே தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள்.

இரண்டாவது 1870 செப்டம்பர். இன்றைய யெல்லோஸ்டோன் பூங்காவாக இருக்கும் இடத்தை ஆராயப் போன வாஷ்பர்ன் குழுவில் ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவர் இருந்தார். வயது 54, கிட்டப்பார்வை. செப்டம்பர் 9-ஆம் தேதி யெல்லோஸ்டோன் ஏரிக்குத் தெற்கே காட்டில் குழுவை விட்டு வழிதவறினார். மறுநாள் குதிரையும் ஓடிவிட்டது, துப்பாக்கி, போர்வை, தீப்பெட்டி எல்லாம் அதன் முதுகில். பசியில் தவித்தவர் கண்ணில் பச்சையாக ஒரு செடி பட்டது, பிடுங்கிப் பார்த்தால் முள்ளங்கி போல வேர். அதுதான் எல்க் திஸில், சிர்சியம் ஸ்காரியோசம். எடூலேயின் உறவு. ராக்கி மலைப் புல்வெளிகளில் சில சமயம் தண்டே இல்லாமல், இலைத்தட்டின் நடுவில் கூடு கட்டியது போலப் பூத்திருக்கும். எவர்ட்ஸ் வெந்நீர் ஊற்றுகளில் அந்த வேரை வேகவைத்துத் தின்றார், ஆப்பெரா கண்ணாடி என்ற சிறு தொலைநோக்கியின் லென்ஸை வெயிலில் பிடித்துத் தீ மூட்டினார். 37 நாள் கழித்து, அக்டோபர் 16-ஆம் தேதி, மலை வழிகளை அறிந்த பேரோனெட், பிரிட்செட் என்ற இருவர் அவரைக் கண்டெடுத்தபோது அவர் எடை 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்கு மேல் இல்லை என்று சொல்லப்பட்டது. குடலில் திஸில் நார் அடைத்துக்கொண்டு உயிர் போகும் நிலை. ஒரு வேட்டைக்காரர் கொடுத்த கரடிக் கொழுப்பு எண்ணெய்தான் அந்த அடைப்பை இளக்கியது. பிழைத்து, 1871-இல் தன் கதையை எழுதினார், 1901 வரை வாழ்ந்தார். அந்தச் செடிக்கு எவர்ட்ஸ் திஸில் என்றும் பெயர் உண்டு.

ஒரே குடும்ப வேர். ஓரிடத்தில் சர்க்கரை, இன்னோரிடத்தில் வயிறு நிறையத் தின்றும் பட்டினி. வேறுபாடு சமையலில் இருந்தது.

திஸில் வேரில் சேமிப்பாக இருப்பது மாவுச்சத்து அல்ல, இனுலின். பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை சங்கிலி சங்கிலியாகக் கோத்தது. அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும், வாயு கிளம்பும், நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகிறது என்றால் இனுலினிலிருந்து சுமார் 1.5. கடையில் விற்கும் பிஸ்கட்டுகளிலும் பார்களிலும் நார்ச்சத்து என்று சிக்கரி வேரிலிருந்து எடுத்துச் சேர்ப்பதும் இதே இனுலின்தான். எவர்ட்ஸின் வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை. குளிரும் நடையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை அந்த வேரால் ஈடுகட்ட முடியவில்லை.

பசிபிக் கரை மக்கள் செய்தது வேறு. குழி தோண்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி அடியில் போட்டு, மேலே ஈர இலைகளைப் பரப்பி, வேரை அடுக்கி, மறுபடி இலையும் மண்ணும் போட்டு மூடி, நீண்ட நேரம் ஆவியில் வேகவிடுவார்கள். அந்த நீண்ட ஈரச் சூட்டில் இனுலின் சங்கிலி அறுந்து பழச்சர்க்கரையாகிறது. கமாஸ் கிழங்கையும் இப்படித்தான் பதப்படுத்தினார்கள், அதிலும் இதே வேதியியல்தான். கறுத்துப்போய் இனித்தது என்று லூயிஸ் எழுதியதற்குப் பொருள் இதுதான். அரை மணிநேரம் கொதிக்கவைப்பது இதற்கு ஈடாகாது.

நம் வீட்டிலும் இதே அறிவு இருக்கிறது. கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைக்காமல் யாரும் சமைக்கமாட்டார்கள், அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் பிடுங்கும். கருணைக்கிழங்கு தின்னக்கூடியதா என்று ஒருவர் கேட்டால், புளியைச் சொல்லாமல் ஆம் என்று மட்டும் பதில் சொல்ல முடியுமா? எடிபிள் திஸில் என்ற பெயரையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். அந்தப் பெயரின் பின்னால் குழியும் கல்லும் இலையும் நேரமும் இருக்கின்றன, அவற்றை அறிந்திருந்த மக்களும் இருக்கிறார்கள்.

பருவமும் முக்கியம். இந்தத் திஸில்கள் வாழைபோல ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் செத்துவிடும். முதல் ஆண்டு, சிலவற்றில் சில ஆண்டுகள், தரையோடு தட்டுப் போல இலை விரித்து வேரில் சேமிக்கும். பிறகு அந்தச் சேமிப்பையெல்லாம் செலவழித்துத் தண்டு எழுப்பிப் பூக்கும். ஆகவே தின்ன ஏற்ற வேர் பூக்காத செடியின் வேர். நீங்கள் ஆகஸ்டில் பூவோடு பார்த்த செடியின் வேர் அந்நேரம் மரக்கட்டை. பூக்காத செடியைத் தோண்டினாலோ, அது ஒரு விதைகூடப் போடாமல் போகிறது. அந்தச் செடிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருந்தது, அதை எடுத்துவிடுகிறோம். இதை நினைத்தால் எனக்குக் கை ஓடாது.

தவிர, ரெய்னியர் தேசியப் பூங்காவுக்குள் செடியைத் தோண்டவே கூடாது, சட்டம் தடுக்கிறது. பூங்காவுக்கு வெளியே உள்ள தேசியக் காடுகளில் விதிகள் வேறு, அந்தந்த ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திஸில் சுவை பார்க்கத்தான் வேண்டுமென்றால் என் யோசனை இது: களையைத் தின்னுங்கள். புல் திஸிலின் முதலாண்டு வேரும், பூக்குமுன் எழும் இளந்தண்டும் தின்னக்கூடியவை. வாஷிங்டன் மாநிலத்தின் தீங்குக் களைப் பட்டியலில் அது இருக்கிறது, உங்கள் தோட்டத்தில் முளைத்தால் பிடுங்குவதே நல்லது. நான் வசந்தகாலத்தில் தண்டைத்தான் எடுப்பேன். கெட்டியான கையுறை போட்டு அடியில் அறுத்து, முள்ளைச் சீவி, நார்த்தோலை முழுக்க உரித்தால் உள்ளே வெளிர்பச்சையில் நீர் நிறைந்த தண்டு. முளைக்கீரைத் தண்டு போலப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். வேரைவிட இது எனக்குப் பிடிக்கும், வயிற்றுக்கும் சிரமம் இல்லை. வேரை முதல்முறை தின்றால் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். களைக்கொல்லி அடித்த சாலையோரத்திலிருந்தோ பூங்காவிலிருந்தோ எடுக்காதீர்கள், அடித்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்க வேண்டாம். மேற்கு வாஷிங்டன் முழுக்க ஃபாக்ஸ்குளோவ் காடாக மண்டிக்கிடக்கிறது. அதுவும் முதலாண்டில் தரையோடு இலைத்தட்டு விரிக்கும், இதயத்தை நிறுத்தும் விஷம் அதில் இருக்கிறது. அதன் இலையில் முள்ளே கிடையாது, மெத்தென்ற ரோமம்தான். தட்டு வடிவத்தை மட்டும் பார்த்துக் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு இலையிலும் குத்துகிற முள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இலையில்லாமல் வேரை மட்டும் வைத்து எதையும் அடையாளம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, "கண்டால் பிடுங்கணும்" என்ற மூன்றாமவருக்கு. சில ஆண்டுகளுக்கு முன் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்த களையெடுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் குவித்துவைத்திருந்த பையைத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் மண்ணின் செடியான பிரெவிஸ்டைலம். நல்ல மனதோடு வந்தவர்கள், முள்ளைப் பார்த்ததும் பிடுங்கிவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு இலையைத் தடவிக் காட்டவில்லை.

இது தனிமனிதர் தவறு மட்டுமல்ல. மஸ்க் திஸிலை ஒழிக்க ஐரோப்பாவிலிருந்து ரைனோசைலஸ் கோனிகஸ் என்ற கூன்வண்டைக் கொண்டுவந்து 1968-இல் கனடாவிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் விட்டார்கள். அதன் புழு பூக்கொத்துக்குள் இருந்து விதையைத் தின்னும். திட்டமிட்டபடி மஸ்க் திஸிலைத் தின்றது, அதோடு நிற்காமல் மண்ணின் திஸில்களுக்கும் தாவியது. நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் பிளாட் திஸிலின் விதை இப்படிக் குறைவதை ஸ்வாட்டா லௌடாவும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் விதைபோடும் செடிக்கு அந்த ஒருமுறையும் புழுவாய்க்குப் போனால் என்ன மிஞ்சும்? கிரேட் லேக்ஸ் எனப்படும் அமெரிக்க-கனடா எல்லைப் பெரிய ஏரிகளின் கரை மணலில் வளரும் பிட்சர் திஸில் 1988-லிருந்து அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது.

இவற்றை நம்பியிருப்பவை ஏராளம். பம்பிள்பீ தேனீக்கள் அந்த ஊதாக் கொத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கும். வாஷிங்டனின் மாநிலப் பறவையான கோல்ட்ஃபின்ச் திஸில் பஞ்சைக் கூட்டுக்குள் மெத்தையாக வைக்கும், விதையைத் தின்னும். மற்றப் பறவைகளைவிட அது தாமதமாகக் கோடையில் கூடு கட்டுவதற்குப் பஞ்சு வெடிக்கும் பருவத்தோடு தொடர்பு உண்டு. இதே குருவிக்காக அங்கே கடையில் திஸில் விதை என்று பை பையாக விற்பார்கள், அது திஸிலே அல்ல. நம் ஊர்ப் பேயெள்ளு. இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் போகிறது. அம்மாவிடம் ஒரு பிடி காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது நான்கு படம் எடுத்து அனுப்புங்கள்: பூக்கொத்தைப் பக்கவாட்டில், செதில்கள் தெரியும்படி ஒன்று, இலையின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, இலை தண்டோடு சேரும் இடம் ஒன்று. பூவை மேலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.